விடாத கிரகணம்

அத்தியாயம் பதினொன்று

அன்றைக்குக் கிரகணம் என்று திருமுல்லைவாயிலில் அந்த ஒரு தெரு மட்டும் முடிவு செய்துவிட்டது.

பஞ்சாங்கத்தில் இல்லை. டிவியில் இல்லை. ஆனால் காலையிலிருந்து ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சுற்றியது. “இன்று மாலை சூரிய ஒளி மறைப்புத் திட்டம் குறித்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், அனைவரும் வருக” என்பதுதான் அது சொல்ல வந்தது. சி.டி.எச். ரோட்டு லாரிச் சத்தத்தைத் தாண்டித் தெருவுக்குள் வந்து சேர்ந்தது “இன்று மாலை சூரிய மறைப்பு” என்ற துண்டு மட்டும்.

அதுவே போதுமானதாக இருந்தது. இட்லிக்கடை வேம்புலியம்மாள் மிச்ச சாம்பாரைச் சாக்கடையில் ஊற்றி அடுப்பை அணைத்தாள். முனைக் கோவில் பூசாரி கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

“பஞ்சாங்கத்துல போடலியேப்பா” என்று ஒருவர் சந்தேகப்பட்டார்.

“இது கம்பெனி கெரகணம்பா. பஞ்சாங்கத்துல எப்புடிப் போடுவான்?” என்று இன்னொருவர் தீர்த்து வைத்தார்.

போன வாரம் மோகனப்பிரியாவை மொட்டைமாடியில் தனியாக விட்டுவிட்டு வந்தோம். அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. அதை அவளுக்குக் கொடுத்தவர் குணசேகரன், ‘வெண்குடை’ நிறுவனத்தின் தலைவர். ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.’ அவ்வளவுதான். வளிமண்டல விஞ்ஞானி டாக்டர் மோகனப்பிரியா மேடையேறி இதைச் சொன்னால் ஊர் தலையாட்டிவிடும். அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து வெள்ளை பலூன்கள் ஏறத் தொடங்கும். மழைமேகங்களுக்கும் மிக மேலே போய் வெடித்து, மெல்லிய தூளைத் தூவும். அந்தத் தூள் வெயிலில் கொஞ்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். பூமி குளிரும்.

அந்த வாக்கியம் பொய் என்பது அவளுக்குத் தெரியும். சொல்ல மறுத்தால் வேலை போகும் என்பதும் தெரியும். அவள் வேலை மட்டுமல்ல, அதே நிறுவனத்தில் மென்பொருள் எழுதும் கணவன் பிரசன்னாவின் வேலையும். வயிற்றில் குழந்தைக்கு ஏழு மாதம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் கூட்டம்.

அவள் அடுக்களைக்கு வந்தபோது குடத்துத் தண்ணீரில் ஒரு கொத்துப் புல் மிதந்தது. மாவுப் பாத்திரத்தின் மேல் புல். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தயிர்க் கிண்ணத்தின் மேல் புல், முட்டைகளுக்கு நடுவே புல். தர்ப்பை கிடைக்கவில்லை போலிருக்கிறது. எல்லாம் அருகம்புல். ஃப்ரிட்ஜுக்குள் யாரோ ஒரு குட்டி வயலை நட்டு வைத்ததுபோல் இருந்தது.

“அத்தை, இது என்ன?”

ராஜகுமாரி வாசல் கதவைத் தாழிட்டு, அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவள். காலரில் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தச் சட்டை அவளைத் தாண்டிப் போக முடியாது. இன்று விடுமுறை. அந்தக் கண்டிப்பு முழுவதும் மருமகள் பக்கம் திரும்பியிருந்தது.

“எங்கியும் போவாதே. வயித்துப் புள்ளைய வச்சிகினு கெரகணத்துல வெளிய போறதாம். நல்லா கீதே கத.”

“கிரகணமே இல்லை அத்தை. அது கூட்டம். நான் பேசப் போற கூட்டம்.”

“இன்னா பேசப் போறே?”

“சூரிய வெளிச்சத்தை மறைக்கிறதைப் பத்தி.”

“தோ, நீயே சொல்ட்டே. மறைச்சா கெரகணம். ராகு மறைச்சா இன்னா, உன் கம்பெனி மறைச்சா இன்னா? கத்தி, அருவாமனை எதையும் தொடாதே. பூசணிக்காய காலீலயே நானே நறுக்கிட்டேன்.”

மோகனப்பிரியா சிரித்துவிட்டாள். அவள் சாத்தூர்க்காரி. வெயில் எப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லூரியில் படித்தபோது, பிலிப்பைன்ஸில் ஓர் எரிமலை வெடித்து அதன் புகைமூட்டம் உலகம் முழுவதையும் ஒன்றிரண்டு வருடங்களுக்குக் கொஞ்சம் குளிரவைத்த செய்தியை நூலகத்தில் படித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மலை, தான் எரிந்துகொண்டே, பூமியின் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டதே என்று வியந்தாள். அதை மனிதர்களால் செய்ய முடியாதா? அந்தக் கேள்விதான் அவளைச் சாத்தூரிலிருந்து இந்த அடுக்களைவரை கொண்டுவந்தது.

“சரி, சண்ட வாணாம்” என்று ராஜகுமாரி இறங்கி வந்தாள். “எப்ப புடிக்குது, எப்ப வுடுது? அத்த மட்டும் சொல்லு. வுட்டதும் தலைக்கு ஊத்திகினு எங்க வோணாலும் போ. நானே கொண்டாந்து வுடறேன்.”

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

பிடிக்கும் நேரம். விடும் நேரம்.

அவளுடைய கட்டுரைகளில் இதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. வளைந்து மேலேறும் சிவப்புக் கோடுகள் உண்டு. இந்த இரண்டு சொற்கள் இல்லை. இரண்டு வருடமாக எந்த மொழியில் சொல்வதென்று தெரியாமல் அவள் தொண்டையில் நின்றிருந்தது, பூசணிக்காய் வாசத்துக்கு நடுவே, சமாதானத்துக்குக் கேட்ட கேள்வியாக வந்து விழுந்துவிட்டது.

“இன்னா முயிக்கிறே?”

“விடாது அத்தை.”

“இன்னாது?”

“ஒருதடவை பிடிச்சா விடாது. விடவும் கூடாது. விட்டா இன்னும் மோசம்.”

ராஜகுமாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “வுடாத கெரகணமா? எந்தப் பேமானி கண்டுபுடிச்சான் அத்த?”

“நானும்தான் அத்தை.”

பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. “வுடாட்டி இன்னா? வுடாமலே இருக்கட்டுமே!”

மாமனார் மனோகரன். மின்விசிறிக்கு நேர்கீழே, ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தார். எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை. கீழே உருகிய இரும்பு, மேலே தகரக் கூரை, அதற்கும் மேலே சித்திரை. இந்தக் கோடையில் ஒரு மத்தியானம், நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நின்றபடியே சரிந்தார். மருத்துவமனையில் அக்குளிலும் கழுத்திலும் ஐஸ்கட்டிகளை வைத்து அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து அவருக்குச் சூரியன்மேல் சொந்தப் பகை.

“எவனாச்சும் அந்தாளு மூஞ்சில ஒரு துணியப் போட்டா போதும்னு நான் கீறேன். நீ போம்மா. போய் வேணும்னு சொல்லு.”

“உனக்குப் பேரப்புள்ள வேணுமா, வெயிலு வாணாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுய்யா” என்றாள் ராஜகுமாரி.

“பேரப்புள்ளயும் வேணும், வெயிலும் வாணாம். இதுல இன்னா கீது ஒண்ணு சொல்றதுக்கு?”

மோகனப்பிரியா இருவருக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து நின்றாள். அத்தைக்குப் பயம், மாமாவுக்கு ஆசை. இரண்டுமே அவளுக்குள்ளும் இருந்தன. இந்த வேலைக்கு அவள் வந்ததே மாமாவைப் போன்றவர்களுக்காகத்தான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பொய்யைச் சொல்லி அவருக்கு நிழல் வாங்கித் தருவதா?

போன் அடித்தது. பிரசன்னா. கூட்டத்துக்குப் புரொஜெக்டர் கட்ட அவன் முன்பே மண்டபத்துக்குப் போயிருந்தான்.

“மோனா, எங்க கீற? ஹால் ரொம்பிடுச்சு. குணசேகரன் சார் தட்டுத் தட்டா பஜ்ஜி வாங்கி வச்சிருக்காரு, ஒரு ஆளு தொடல. கெரகணமாம்!” அவன் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. “சீக்கிரம் வா, இல்லாட்டி எல்லாத்தையும் நானே துன்னுடுவேன்.”

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு கதவருகே போனாள். ராஜகுமாரி நகரவில்லை.

“அத்தை, இன்னைக்கு நான் போகலைன்னா, குணசேகரன் வேற யாரையாவது வச்சு அந்தப் பொய்யைச் சொல்ல வைப்பாரு. ஊர் சரின்னு சொல்லிடும்.”

“பொய்யா? இன்னா பொய்யி?”

“எப்ப வேணும்னாலும் விடும்னு.”

ராஜகுமாரி தனக்கே உரிய கணக்கு ஒன்று போட்டாள்.

“வுடாத கெரகணம்னு நீயே சொல்றே. வுடாதுன்னா நானும் எத்தினி நாளு உன்ன ஊட்ல பூட்டி வப்பேன்? புள்ளைய உள்ளயேவா பெத்துப்ப?” நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள். “நட. நானும் வரேன். யோவ், நீயும் எய்ந்திரு. ஆட்டோ கூப்புடு.”

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கல்யாண மண்டபத்துக்கு மூவரும் போய் இறங்கினார்கள். மருமகள் இடுப்பில் ஒரு கொத்து அருகம்புல் செருகியிருந்தது. தலைக்கு மேல் கறுப்புக் குடை. மண்டபத்துக்குள் நுழைந்த பிறகும் ராஜகுமாரி அதை மடக்கவில்லை.

“உள்ள ஏதுமா வெயிலு?” என்று யாரோ கேட்டார்கள்.

“எங்க ஊட்டுக் கொடை, நான் புடிக்கிறேன். உனுக்கு இன்னா?” என்றாள்.

மணவறை இருக்கும் மேடையில் இன்று ஒரு பெரிய வெள்ளைக் குடைப் படம் விரிந்திருந்தது. குணசேகரன் அதன் கீழே நின்றார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாத முகம். அவர் குரலில் தேன் இருந்தது. அந்தக் காலத்து அரசர்கள் குடிமக்களுக்கு நிழல் தரும் அடையாளமாக வெண்கொற்றக்குடை பிடித்தார்கள். இன்று அந்தக் குடையை நாம் வானத்திலேயே பிடிக்கப் போகிறோம் என்றார். உலகத்துக்கே நிழல் தந்த ஊர் என்று திருமுல்லைவாயிலின் பெயர் இருக்கும் என்றார்.

“சார், அப்புறம் பொங்கலுக்கு யாருக்குப் படைக்கிறது? பலூனுக்கா?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. மண்டபம் சிரித்தது.

“வத்தல் காயுமா சார்?” என்றாள் வேம்புலியம்மாள். அவளுக்கு அதுதான் கேள்வி.

“தாராளமா காயும்மா. குறையறது கொஞ்சூண்டு வெயில்தான்” என்றார் குணசேகரன். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நம்ம டாக்டரோட மாமனார் இங்கதான் உட்கார்ந்திருக்கார். இந்த வெயில் அவரைச் சாவு வரைக்கும் கூட்டிட்டுப் போய்த் திருப்பி அனுப்புச்சு. அடுத்தது யாரு? உங்க அப்பாவா, உங்க வீட்டுக்காரரா? நாம இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?”

சிரிப்பு நின்றுவிட்டது. மனோகரன் தலை குனிந்தார். தன் மயக்கத்தை ஊருக்கு நடுவில் யாரோ எடுத்து விரித்துக் காட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரைச் சுற்றி இருந்தவர்கள் முகத்தில் அந்த வார்த்தைகள் வேலை செய்தன.

மோகனப்பிரியாவை மேடைக்கு அழைத்தார்கள். அவள் படியேறும்வரை குடையும் கூடவே ஏறியது. கடைசிப் படியில்தான் ராஜகுமாரி நின்றாள்.

“டாக்டர், மக்களுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்” என்று குணசேகரன் மைக்கை அவள் பக்கம் திருப்பினார். “இதை எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம், இல்லையா?”

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள், அடுக்குமாடிகளிலிருந்து வந்தவர்கள், பட்டினியோடு பஜ்ஜித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஓரத்தில் புரொஜெக்டர் அருகே பிரசன்னா கட்டைவிரலை உயர்த்தினான்.

“நிறுத்தலாம்” என்றாள்.

குணசேகரன் புன்னகைத்தார்.

“நிறுத்தினா என்ன ஆகும்னு அவர் சொல்லலை. நான் சொல்றேன்.”

மைக் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

“காலையிலேர்ந்து நீங்க எல்லாரும் இன்னைக்குக் கிரகணம்னு நினைச்சுட்டு இருக்கீங்க. எங்க அத்தை ஃப்ரிட்ஜுக்குள்ளகூடப் புல்லு போட்டாங்க. நான் இல்லைன்னு சொன்னேன். அவங்க கேட்டாங்க, எப்ப பிடிக்கும், எப்ப விடும்னு. என்னால பதில் சொல்ல முடியலை. உங்களுக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

“ஒரு பலூனால ஒண்ணும் ஆகாது. வெளியில போய்ப் பாருங்க, சூரியன் அங்கேயேதான் இருக்கு. பூமி குளிர்ற அளவுக்குத் தூவினாத்தான் கதையே ஆரம்பம். தூவின தூள் மேலேயே நிக்காது. ஒண்ணு ரெண்டு வருஷத்துல இறங்கிடும். மறுபடி தூவணும். அப்புறம் மறுபடி. அதுக்குள்ள கீழே நம்ம வண்டிப் புகை, மின்நிலையப் புகை எல்லாம் சேர்ந்துக்கிட்டே இருக்கும். வெயில் தெரியாததால நாமளும் கவலைப்பட மாட்டோம்.

“ஒருநாள் கம்பெனி மூடிடும். இல்லை, ஒரு சண்டை வரும். தூவுறது நின்னுடும். அன்னைக்கு, அத்தனை வருஷமா தடுத்து வச்சிருந்த சூடு மொத்தமும் படிப்படியா வராது, சேர்ந்து வரும். எந்தப் பயிரும் பழகிக்க நேரம் இருக்காது. எந்த மனுஷனும் பழகிக்க முடியாது. மழை எந்தப் பக்கம் போகும்னு எனக்கு இன்னமும் தெரியாது. நான் இதைப் படிச்சவ. எனக்கே தெரியாது.

“பிடிக்கிற நேரம் எங்க கையில இருக்கு. விடுற நேரம் யார் கையிலயும் இல்லை.”

முன்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னாள்: “வுடாத கெரகணம்டி!” அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. காற்று ஒரு வயலுக்குள் நுழைவதைப்போல அது போவதை மேடையிலிருந்து அவளால் பார்க்க முடிந்தது.

“டாக்டர் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க” என்று குணசேகரன் மைக்கைப் பிடித்தார். “அவங்க நிலைமையில—”

“அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒயுங்காத்தான் பேசிகினு கீறா. மைக்க குடு” என்றாள் ராஜகுமாரி கடைசிப் படியிலிருந்து.

அப்போதுதான் மனோகரன் எழுந்து நின்றார். துண்டு தோளில் இருந்து நழுவியது. அதை அவர் எடுக்கவில்லை.

“இரும்மா. நான் ஒண்ணு கேக்கணும்.”

மோகனப்பிரியா இந்தக் கேள்விக்காகத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

“நீ சொல்றது புரியுது. நாளைக்கு எவனுக்கோ ஆபத்து. சரி. இன்னைக்கு நான் இன்னா பண்றது? எங்க ஷெட்டுல நின்னு பாத்துகிறியா நீ? மேல தகரம், கீழ இரும்பு. வெந்து சாவறதா?”

யாரும் சிரிக்கவில்லை. இந்த மண்டபத்தில் பாதிப் பேர் ஏதோ ஒரு தகரத்தின் கீழே வேலை பார்ப்பவர்கள்.

“இல்லை மாமா” என்றாள். “வெயிலைத் திருப்பி அனுப்பணும்கிறது சரிதான். நான் தப்பான இடத்துல ஆரம்பிச்சுட்டேன். வானத்துல மறைக்க வேணாம். கூரையில மறைப்போம். உங்க ஷெட்டுத் தகரத்து மேல வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பூச்சு பூசினா, விழற வெயில்ல பெரும்பகுதி உள்ளே இறங்காம மேலேயே போயிடும். அதுக்கு யார் வானத்தையும் கேக்க வேணாம். பிடிக்கலையா, அடுத்த வருஷம் பூசாம விட்டுடுங்க. அவ்வளவுதான். அதுக்கு விடுற நேரம் உண்டு.”

“அதுல ஒலகம் குளிர்ந்துடுமா?”

“உலகம் குளிராது மாமா. உங்க தலை குளிரும். உலகம் குளிரணும்னா புகை குறையணும், அதுக்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியலை. இந்த ஆராய்ச்சியை நான் விட்டுடுவேன்னு சொல்லலை. ஒருநாள் வேற வழியே இல்லாம இது வேண்டியிருக்கலாம். அன்னைக்கு உங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டுக் கேக்கணும். பஜ்ஜி வாங்கிக் குடுத்து இல்லை.”

மனோகரன் முன்வரிசைப் பக்கம் திரும்பினார். அங்கே அவருடைய முதலாளி தமிழரசு உட்கார்ந்திருந்தார்.

“மொதலாளி, காதுல வுயுந்துதா?”

தமிழரசு நெளிந்தார். ஊரே அவரைப் பார்த்தது. “வுயுந்துதுப்பா. வர்ற வாரமே அடிச்சுடலாம்.”

“நான் மேல ஏற மாட்டேன். ஆள வச்சி அடி.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே கூட்டம் முடிவாகிவிட்டது என்பதைக் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜம்புலிங்கம் புரிந்துகொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

“ஏரிக்கரையில பலூன் வேணும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க.”

நிறுவனத்தின் சட்டை போட்ட சிலர் தூக்கினார்கள்.

“வாணாம்கிறவங்க?”

கைகள் எழுந்தன. எண்ணெய்க் கறை படிந்த கைகள், வளையல் கைகள், மாவு ஒட்டிய வேம்புலியம்மாளின் கை. மோகனப்பிரியாவின் கண் அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு கையைத் தேடியது. மனோகரன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். சூரியனோடு அவருக்கு இருந்த பகை அவ்வளவு சுலபமாகத் தீராது. பிறகு, ஏதோ பாரமான ஒன்றைத் தூக்குவதுபோல, மெதுவாகக் கையை உயர்த்தினார். இரண்டு கையையும் உயர்த்தினார்.

“யோவ், ஒண்ணு போதும்யா!” என்று ராஜகுமாரி கத்தினாள். அவளே ஒரு கையில் குடையும் மறு கையில் மைக்கின் ஒயரும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிரசன்னா புரொஜெக்டரை அணைத்தான். சுவரில் இருந்த வெண்குடை மறைந்தது. இரண்டு விரலை வாயில் வைத்து அவன் அடித்த விசில் ஆவடி வரை கேட்டிருக்கும்.

“வுட்டுச்சுடா கெரகணம்!” என்று யாரோ கூவினார்கள். அடுத்த கணம் பஜ்ஜித் தட்டுகளைக் காணவில்லை. ஆறிப்போன பஜ்ஜியை அவ்வளவு ருசியாக அந்த ஊர் அதற்கு முன் தின்றதில்லை. பெண்கள் மோகனப்பிரியாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். “எந்த ஊரு பொண்ணு?” என்று ஒருத்தி கேட்டாள். “எங்க ஊட்டுப் பொண்ணு” என்று ராஜகுமாரி மருமகளை முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

வெளியே வந்தபோது சூரியன் மேற்கே பெரிதாக, செம்பாக, யாராலும் மறைக்கப்படாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் அவள் அதை ஒரு கணக்காகத்தான் பார்த்திருந்தாள். இன்றைக்கு அது ஒரு ஆளைப் போல இருந்தது.

குணசேகரன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். அவர் கோபமாக இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“நல்லாப் பேசினீங்க டாக்டர். நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும் சார்.”

“ஒரு ஊர்ல ஜெயிச்சுட்டீங்க. ஆனா வானத்துக்கு ஊர் எல்லை கிடையாதே. வேற ஒரு ஏரிக்கரையில இடம் பார்த்தாச்சு. அங்க கூட்டம் எல்லாம் முடிஞ்சு, சம்மதமும் வாங்கியாச்சு.” அவர் காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினார். “அந்த இடத்துக்கு யார் பொறுப்பு ஏத்துக்கிட்டாங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க.”

கார் போய்விட்டது.

மண்டப வாசலில் நண்பர்கள் பிரசன்னாவைத் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மருமகள் ஜெயித்தால் மகனைத் தூக்குவது என்ன நியாயம் என்று ராஜகுமாரி அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவனிடம் நடந்தாள். அவன் அவளைப் பார்த்ததும் குதித்து இறங்கி ஓடிவந்தான். வேர்த்து, சிரித்து, மூச்சு வாங்கினான்.

“மோனா! இன்னா பேச்சு பேசிட்ட நீ!”

“எந்த ஏரி, பிரசன்னா?”

சுற்றிலும் விசில் பறந்தது. யாரோ அவள் கையில் ஒரு டீயைத் திணித்துவிட்டுப் போனார்கள். அவன் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண்ணை விட்டு மட்டும் இறங்கிவிட்டது.

“அவரு சொல்லிட்டாரா?”

“நீ சொல்லு.”

“ஒத்துக்கினேன்” என்றான். “ஆனா நீ நெனைக்கிற காரணத்துக்கு இல்ல.”

அவள் டம்ளரை மதில்மேல் வைத்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“சரி, காரணத்தைச் சொல்லு. முழுசாச் சொல்லு. இன்னைக்கு ஒரு பொய்யை ஊரே சேர்ந்து திருப்பி அனுப்பியிருக்கோம். இன்னொண்ணைத் திருப்பி அனுப்ப எனக்கு நேரம் ஆகாது.”